நாலாம் பாகத்து ராணி

அந்த ஏழு பாக மாயக்கதை இப்போது பளபளவென்று புது அச்சில் வந்திருக்கிறது. மூன்றாவது தடவையாகப் படமும் எடுத்துவிட்டார்கள். போன மாதம் ஏழையும் வாங்கி மறுபடி படித்தேன். நாலாம் பாகம் மட்டும் எனக்கு ஆகவில்லை. அதை நான் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறேன். திமிர் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு குமணன்சாவடிப் பக்கம் எங்களோடு வேர்க்கடலை உடைத்த எந்தப் பெண்ணும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

கதை இதுதான். ஒரு ராஜா ஏழு கடல் தாண்டிச் சண்டைக்குப் போகிறான். மந்திரவாதி ஒருவன் அவனைக் கிளியாக்கிக் கூண்டில் அடைக்கிறான். ராஜா செத்தான் என்று ரத்தம் தோய்ந்த அவன் மேல்துணியை ராணிக்கு அனுப்பிவைக்கிறான். மூன்றாம் பாகம் அதோடு முடியும்.

புத்தகங்கள் என் கொழுந்தனுடையவை. திருவேற்காட்டுத் திருவிழாக் கடைகளில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை. பட்டாளத்தில் லாரி ஓட்டச் சேர்ந்து சிங்கப்பூருக்குக் கப்பலேறியபோது, பாதி படித்திருந்த நாலாம் பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மற்ற ஆறு பாகங்களும், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத அவன் பெண்டாட்டியும் என் பொறுப்பு.

பிறகு சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவன் பெண்டாட்டி, என் ஓர்ப்படி, சோறு தண்ணி இல்லாமல் சுருண்டு கிடந்தாள். அவளை எழுப்பி உட்காரவைக்கத்தான் அந்தப் புத்தகங்களை எடுத்தேன். வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பகலில் கொல்லையில் கடலை உடைத்துக்கொண்டே கேட்பார்கள். தெருப் பெண்கள் பாதிப் பேர் வந்துவிடுவார்கள்.

மூன்றாம் பாகம் முடிந்தது. ஐந்தாம் பாகத்தைப் புரட்டினேன். அதில் ராணியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாலாம் பாகத்திலேயே செத்திருப்பாள் என்று புரிந்தது. எதிரே என் ஓர்ப்படி கடலையை உடைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் பாகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நாலாம் பாகத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். என் ராணி அந்தத் துணியைத் தூக்கி எறிந்தாள். "செத்துட்டேன்னு அவரே வந்து சொல்லட்டும்!" என்றாள். பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். என் ஓர்ப்படி அன்று இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஆனால் வருஷம் ஏற ஏற ஊர் வாய் சும்மா இருக்குமா? என் மாமனாரின் அண்ணன், குடும்பத்துக்குப் பெரியவர், "காரியத்த பண்ணி முடிச்சிடலாம். எத்தினி நாளு பொட்டு வெச்சிகினு கீறது?" என்று நச்சரிக்க ஆரம்பித்தார். காரியம் என்றால் அவள் தாலியை அறுப்பது. மாமியார் அழுதாரே தவிர, அவரை எதிர்த்துப் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பூந்தமல்லி டூரிங் கொட்டகைக்கு அந்தக் கதை டாக்கியாக வந்தது. தெருவே கிளம்பியது. ரத்தத் துணியைப் பார்த்ததும் படத்து ராணி ஒரு பாட்டுப் பாடிவிட்டு நேராகத் தீயில் குதித்தாள். என் ஓர்ப்படி துள்ளி எழுந்தாள்.

"ஐயே, இன்னாய்யா தப்பா காட்டுறீங்கோ! அவ குதிக்கவே இல்ல!"

"ஆமா, நாங்க புக்கு படிச்சிகீறோம்!" என்று எங்கள் பெண்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். படம் நின்றது. கொட்டகைக்காரர் ஓடி வந்தார்.

"யம்மா, நானும் படிச்சவன்தான். புக்குல இருக்கிறததான் எடுத்துகீறாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அப்போ அந்தப் புக்கே தப்பு," என்றேன். வேறென்ன சொல்வது?

வீடு வரைக்கும் என் ஓர்ப்படி எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். வாசலில் நின்று, "அக்கா, அது உன் கதையா?" என்றாள்.

"என் கதைதான்."

"அப்போ அவ செத்துட்டாளா?"

"என் வாயால அவ சாவமாட்டா, போ!"

விஷயம் மறுநாளே பெரியவர் காதுக்குப் போய்விட்டது. நாள் குறிக்கவே வந்துவிட்டார். "கதையே பொய்யின்னு ஆயிடிச்சே. இன்னும் இன்னாம்மா?" என்றார். நான் வாய் திறக்குமுன் அவள் முன்னால் வந்து நின்றாள். அதுவரை அவர் எதிரில் தலை நிமிராதவள்.

"செத்துட்டேன்னு அவரே வந்து சொல்லட்டும்," என்றாள்.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பொய் என்று தெரிந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டு நிற்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

சண்டை ஓய்ந்த பிறகு ஒரு மத்தியானம் என் கொழுந்தன் ஆவடியில் ரயிலிறங்கி நடந்தே வந்து சேர்ந்தான். எலும்பும் தோலுமாக, வெறுங்கையோடு. அழுகையெல்லாம் அடங்கி, சாப்பிட்டு எழுந்தவனிடம் அவள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"நாலாம் பாகம் எங்க?"

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஜப்பான்காரன் கேம்புல நம்ம ஆளுங்களுக்கு நான்தான் படிச்சிக் காட்டுவேன், அண்ணி. தீயில குதிக்கிற எடம் வந்துச்சி. எல்லாருக்கும் ஊட்ல பொண்டாட்டி கீறாளுங்க, அத எப்படிப் படிக்கிறது? அவ காத்துகினு கீறான்னு மாத்திப் படிச்சிட்டேன். அப்புறம் அந்தப் பக்கத்ததான் மொதல்ல கிழிச்சி பீடி சுத்தினேன்."