இருமிக் காட்டுங்க

அந்த மெக்கானிக் வண்டியின் காதில் ஏதோ ஓதுகிறாராம். வண்டியும் பதில் சொல்கிறதாம். முடிவெட்டும் கடையில் கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்த யாரோ சொன்னது. கடைக்காரர் அதைக் காதில் வாங்கி, தன் கத்தரிக்குத் தலை கொடுத்தவர்களுக்கெல்லாம் சொல்லித் தெரு முழுக்கப் பரப்பிவிட்டார். மெக்கானிக்கின் காதுக்கு அது வந்தபோது, "நான் பேசினா என் பொண்டாட்டியே பதில் சொல்றதில்ல, வண்டியா சொல்லப்போகுது?" என்றார்.

பாதி உண்மைதான். அவர் ஓதுவதில்லை, கேட்கிறார். ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனை காதில், மறுமுனை இன்ஜின் மேல். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கேட்ட சத்தத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பார். தூரத்தில் போகிறவர்களுக்கு ரகசியம் பேசுவதுபோலத்தான் இருக்கும்.

ஆனால் குழாய்க்கு வேலை வருவது அப்புறம். எந்த வண்டி வந்தாலும் முதலில் சொந்தக்காரரைத்தான் நிறுத்துவார். "வண்டி எப்படி இருமுது? இருமிக் காட்டுங்க." காட்டாவிட்டால் பானட் திறக்காது. கோட்டுப் போட்ட வக்கீல் இருமியிருக்கிறார். ஒரு தலைமையாசிரியை தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "ட்டுர்ர்ர்... டுக்" என்றார். இவர் யோசித்து, "கடைசியில ஒரு புஸ் இருக்கணுமே மேடம்?" என்றார். அந்த அம்மாள் புஸ்ஸும் சேர்த்து இன்னொரு முறை செய்து காட்டினார். சரியாகத்தான் இருந்தது.

தொலைபேசி விஷயத்தில் இன்னொரு கிறுக்கு. மணி அடித்தால் எடுக்கமாட்டார். முதலில் பழந்துணியால் விரல்களைத் துடைக்க வேண்டும். இடக்கைச் சுண்டுவிரலில் தொடங்கி வலக்கைச் சுண்டுவிரல்வரை, ஒவ்வொன்றாக. பத்தாவது விரல் முடிவதற்குள் மணி ஓய்ந்துவிடும். அவர் மனைவி இதற்கென்றே இரண்டு முறை அழைப்பார். முதலாவது துடைக்க, இரண்டாவது பேச.

அந்த மனைவியின் அண்ணன் பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு வெளுத்த விரிப்புகளை ஏற்றிப்போகிற வண்டி. ஒரே மாதத்தில் மூன்றாம் தடவையாக அது பட்டறை வாசலுக்கு வந்து, இரண்டு முறை விக்கி, நின்றது. பிளக் மாற்றியாயிற்று, ஃபில்டர் மாற்றியாயிற்று, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியும் ஆயிற்று.

"சொந்தக்காரன் பட்டறைன்னு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"உக்காருங்க மச்சான்."

"உக்கார நேரம் ஏது மாப்ள? நாலு மணிக்குள்ள துணி போய்ச் சேரணும். ஏற்கெனவே ரெண்டு தடவை லேட்டு. இன்னைக்கும் லேட்டுன்னா வேற வண்டி பாத்துக்கறோம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான். அப்புறம் இந்த வண்டிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, உங்க வீட்டு வாசல்ல நிறுத்திக் கோலமா போடறது?"

"சரி, இருமிக் காட்டுங்க."

"போன தடவையே இருமினேனேய்யா!"

"அது போன தடவை இருமல்."

மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார். "டுர்ர்ர்... நல்லாத்தான் போகும். அரை மணி நேரம் ஆனதும் க்கு... க்கு... ஹூ..."

"அது என்ன, கடைசியில ஹூன்னு இழுக்கறீங்க?"

"அதுதான் இழுக்குது. தூக்கத்துல மூச்சு அடைச்சவன் மாதிரி."

"நின்னதும் என்ன பண்ணுவீங்க?"

"உன்னைத் திட்டுவேன்."

"அப்புறம்?"

"பத்து நிமிஷம் திட்டி முடிச்சா தானா ஸ்டார்ட் ஆகுது. கொஞ்ச தூரம் போனா மறுபடி திட்டணும்."

மெக்கானிக் குழாயை எடுக்கவில்லை. மெல்ல வண்டியின் பக்கவாட்டுக்குப் போய், பெட்ரோல் டாங்க்கின் மூடியைத் திருகினார். உஸ்ஸ்ஸென்று நீளமாக ஒரு மூச்சு உள்ளே போனது. முங்கிக் கிடந்தவன் தலையை வெளியே நீட்டியதுபோல.

மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போகும். போகாவிட்டால் டாங்க் பெட்ரோலை விடாது, பிடித்து வைத்துக்கொள்ளும். மூடியைத் திருப்பிப் பார்த்தார். துளைக்கு மேல் வட்டமாக ஒரு ரப்பர் வில்லை.

அவர் வெட்டிய வில்லைதான். துணியில் பெட்ரோல் வாடை அடிக்கிறதென்று போன மாதம் மச்சான் குறைப்பட்டபோது, சைக்கிள் டியூபில் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, பசை போட்டு ஒட்டியது. "கம்பெனிக்காரன் மறந்ததை உங்கண்ணனுக்கு நான் போட்டுக் குடுத்திருக்கேன்" என்று அன்றைக்கு வீட்டில் மனைவியிடம் பீற்றிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

மச்சான் அந்தப் பக்கம் மூட்டைகளின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். மெக்கானிக் நகத்தால் வில்லையை உரித்தார். துளையில் வாய் வைத்து ஊதிப் பார்த்தார். வில்லை சட்டைப்பைக்குள் போனது.

"கிளம்புங்க மச்சான். இனிமே டாங்க்கை வழிய வழிய நிரப்பாதீங்க, வாடை அடிக்காது."

"அவ்வளவுதானா? என்னய்யா கோளாறு?"

"மூச்சு முட்டல். மூடியில காத்துப் போற ஓட்டை அடைச்சிருந்துச்சு."

"யாரு அடைச்சா?"

"மணி மூணாகப் போகுது பாருங்க."

மச்சான் மணியைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்தார். "போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்றேன், யாருன்னு சொல்லு. வழியில நின்னுட்டாலும் பண்றேன், அப்ப வேற சொல்றேன்."

வண்டி இருமாமல் திருப்பத்தைத் தாண்டியது. மெக்கானிக் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வேறு வேலையில் கை ஓடவில்லை. மூன்றரை வந்தது. அரை மணி நேரக் கண்டம் கழிந்திருக்க வேண்டும், அல்லது கழியாமல் இருக்க வேண்டும்.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மணி அடித்தது. திரையில் மச்சான். வண்டி நின்றிருந்தால் ஆஸ்பத்திரி வேலை போச்சு. போய்ச் சேர்ந்திருந்தால் யார் அடைச்சா என்று கேள்வி வரும். அவர் கைகளை விரித்துப் பார்த்தார். பத்து விரலும் பளிச்சென்று, சோப்பு மணத்தோடு இருந்தன.

பழந்துணியை எடுத்து, இடக்கைச் சுண்டுவிரலிலிருந்து தொடங்கினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.