வெள்ளைக் கட்டத்தில் கிடைத்த ஓடு

1984 பிப்ரவரி. காலை 6.40க்குப் புதுச்சேரியில் பாகூர் பேருந்து ஏறினேன். மடியில் தொல்லியல் ஆய்வுக்காக நான் மூன்று வருடம் கணக்குப் போட்டு வரைந்த பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து வரைபடம்.

“இன்னா சார், கோலமா?” என்றார் நடத்துநர்.

கட்டங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். முன்பே தெரிந்த பழைய குடியிருப்புகள் தண்ணீரிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், என்ன மண் என்று கணக்கிட்டு, அதேபோன்ற இடங்களுக்குச் சிவப்பு பூசியிருந்தேன். பழங்கால மக்கள் வாழ்ந்திருக்க வாய்ப்பே இல்லாதவை வெள்ளை. “வெள்ளையில் பானை ஓடு கிடைத்தால் இதைச் சுருட்டிப் பரணில் போட்டுவிடு” என்று என் மேலதிகாரி சொல்லியிருந்தார். அதனால் முதலில் வெள்ளைக் கட்டங்களுக்கே போனேன். கொஞ்சம் திமிர்தான்.

இரண்டு கட்டங்களில் ஒன்றுமில்லை. 11 மணிக்கு மூன்றாவது கட்டம், வாய்க்காலோரப் பள்ளம். அறுவடை முடிந்த வயலெங்கும் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பழங்கால ஓடுகள்! வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது.

வயலுக்குச் சொந்தக்காரி செங்கேணி பதறி வந்தார். “இன்னா சார், பூச்சி எதுனா கட்ச்சிடுச்சா?”

ஓட்டைக் காட்டினேன்.

“இதுவா? இது இந்த நெலத்து மண்ணே இல்ல சார். வண்டி வண்டியா அந்த மேட்டுலேர்ந்து அடிச்சது. அந்த மண்ணு போட்டா எருவே வாணாம்.”

“எந்த மேடு?”

அவர் கை காட்டிய திசையை வரைபடத்தில் பார்த்தேன். எல்லாவற்றிலும் அடர்ந்த சிவப்புக் கட்டம்.

அரை மைல் ஓட்டமும் நடையுமாகப் போனோம். மண்ணெடுக்க வெட்டிய மேட்டின் பக்கவாட்டில் பானை விளிம்புகள், கரி, வரிவரியாகச் சாம்பல். இரண்டாயிரம் வருடத்து அடுப்புகள் என்றேன். நான் காகிதத்தில் கணக்குப் போட்ட இடத்தில் நிஜமாகவே மனிதர்கள் சமைத்திருக்கிறார்கள்.

செங்கேணி செருப்பைக் கழற்றினார். “அப்போ அவங்க அடுப்புச் சாம்பல்லதான் எங்க நெல்லு வெளையுதா சார்?”

“ஆமாம்மா. ஆனால் இனி இங்கே மண் எடுக்காதீர்கள்.”

அவர் மேட்டையும் தன் வயலையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி. எரு வாங்கிக்கிறேன்” என்றார்.

1.30க்கு அவர் வீட்டில் சாப்பாடு. அந்த வயலின் அரிசி.

மாலைப் பேருந்தில் வரைபடத்தை விரித்து, வெள்ளைக் கட்டத்துக்கும் சிவப்புக் கட்டத்துக்கும் நடுவே ஒரு வண்டித் தடம் வரைந்தேன். நகரத்தில் என் வீட்டு அரிசி கடையிலிருந்து வருகிறது. அதற்கு முன்னால் எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.