போர்வைக்குள் போன குளுக்கோஸ் குழாய்

போன வருடம் கத்திரி வெயில் நேரம். ஒரகடம் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை பார்க்கிறேன். பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டு மாடியில், சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை ரூமில் நானும் ஒரு தோழியும் குடியிருந்தோம். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் தென்காசிப் பக்கம்.

கீழே இருந்த வீட்டுக்கார அக்கா சிரித்து நான் பார்த்ததே இல்லை. குடிவந்த அன்றே சட்டம் போட்டுவிட்டார். நாய், பூனை கூடாது, மீன் தொட்டி கூடவே கூடாது. முன்பு இருந்தவர்கள் தொட்டியை உடைத்து வீடெல்லாம் தண்ணீர் விட்டார்களாம். மீறினால் ரூமைக் காலி செய்ய வேண்டியதுதான். எனக்கோ மீன் என்றால் உயிர். ஸ்ரீபெரும்புதூரில் நாலு தங்க மீனும் ஒரு சின்னத் தொட்டியும் வாங்கி, பைக்குள் ஒளித்து மாடியேற்றிவிட்டேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஸ்டூல் போட்டு அதன்மேல் தொட்டியை வைத்தேன். யார் கண்ணிலும் படாமல் இருக்கக் கட்டிலில் தலையணைகளை அடுக்கி, தொட்டியையும் சேர்த்துப் போர்வையால் மூடினேன்.

தொல்லை வெயிலால் வந்தது. ஷீட் சூட்டில் தண்ணீர் மளமளவென்று வற்றும். வற்றினால் ஃபில்டர் மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டு கொர்ரென்று கத்தும். அது கீழே கேட்டால் என் கதை முடிந்தது. ஷிஃப்ட், ஓவர்டைம் என்று காலையில் போகிறவள் பகலில் எப்படித் தண்ணீர் ஊற்றுவது? அது தானாகவே நிரம்ப வேண்டும்.

முதலில் ஏர்கூலரில் தண்ணீர் குறைந்தால் தானே குழாயைத் திறந்துவிடும் மிதவையை வாங்கிப் பார்த்தேன். அதை வைத்தால் மீன்களுக்கே இடமில்லை. தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கட்டினேன். மடமடவென்று கொட்டி மெத்தை நனைந்தது. பிறகுதான் மெடிக்கலில் குளுக்கோஸ் பாட்டிலும் அதை ஏற்றும் குழாயும் வாங்கினேன். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள் என்றேன்.

உள்ளே இருந்ததைக் கொட்டிக் கழுவி, அடிப்பக்கத்தை அறுத்துத் தண்ணீர் ஊற்றி, காலண்டர் ஆணியில் தொங்கவிட்டேன். குழாயில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. திருகினால் சொட்டு கூடும், குறையும். தொட்டியில் ஸ்டிக்கர் ஒட்டி, வற்றுவதும் சொட்டுவதும் சரிக்குச் சரியாகும்வரை லீவு நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் தண்ணீர் ஸ்டிக்கரை விட்டு அசையவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் தோழி ஊருக்குப் போயிருந்தாள். மீன்களுக்குப் புழுங்குமே என்று ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினால் எங்கள் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. மாடிப்படி முழுக்கக் கூட்டம். விலக்கிக்கொண்டு ஏறிப் போனால், எங்கள் ரூம் கதவு சட்டத்தோடு பெயர்ந்து கிடக்கிறது. பக்கத்தில் கடப்பாரையோடு அக்காவின் வீட்டுக்காரர். ஆம்புலன்ஸில் வந்தவர் போர்வையைக் கையில் பிடித்தபடி தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாக்கா இது, மீனுக்கா ட்ரிப்ஸ் ஏத்திக்கீறாங்க?” என்றார்.

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் பேயைக் கண்டதுபோல் நின்றார்.

“நீ உள்ள இல்லியா?”

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. நாலு மணி வாக்கில் மாடியில் காய்ந்த துணி எடுக்க வந்த அக்கா, ஜன்னல் வழியே தொங்கும் பாட்டிலையும், குழாய் போர்வைக்குள் போவதையும், ஆள் படுத்திருப்பதுபோல் மேடாக இருந்ததையும் பார்த்திருக்கிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. நான் ஷூ போட்டுக்கொண்டு போனதால் செருப்பு வாசலிலேயே கிடந்தது. போன் கம்பெனி லாக்கரில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது, பஸ்ஸில் நான் அதை எடுத்தே பார்க்கவில்லை. கதவிலேயே பதித்த பூட்டு, வெளியே இருந்து பார்த்தால் உள்ளே ஆள் உண்டா என்று தெரியாது. இரண்டு சாவியும் எங்களிடம்தான். தோழிக்கும் லைன் கிடைக்கவில்லை.

ரூம் போச்சு என்று நினைத்தேன். “அக்கா, மன்னிச்சிருங்க. நாளைக்கே மீன யாருக்காது குடுத்துருதேன்” என்றேன்.

“மீன வுடு. ரெண்டு வருசம் முன்ன பின்தெருவுல ஒரு பையன், உன்ன மாதிரி வெளியூரு. ஜொரத்துல ரூமுக்குள்ளயே கெடந்து செத்துட்டான். யாருக்கும் தெரில. அவங்கம்மா வந்து, இத்தினி பேரு கீறீங்களே, ஒருத்தர்கூடவா எட்டிப் பாக்கலன்னு கேட்டுச்சி. நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன்.”

சொல்லும்போதே அழுதுவிட்டார். கதவைத் தட்டித் தட்டி அவர் உள்ளங்கைகள் சிவந்து வீங்கியிருந்தன. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

“போன்லகூட மாடிப் பொண்ணுன்னுதான் போட்டு வெச்சிக்கீறேன். பேரச் சொல்லிக் கூப்டலாம்னா பேரு தெரில. பொண்ணே, பொண்ணேன்னு கத்திகினு இருந்தேன். உன் பேரு இன்னா?”

அழுகைக்கு நடுவே சொன்னேன்.

மீன்கள் இன்றும் அக்காவுக்குத் தெரிந்தே அந்த ரூமில் என்னோடுதான் இருக்கின்றன. இந்த ஊரில் நான் செத்தாலும் கேட்க நாதியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். பெயர்கூடத் தெரியாத ஒருத்தியைக் காப்பாற்றத் தன் வீட்டுக் கதவையே உடைத்தவர் இருக்கும் ஊரை, வெளியூர் என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வருவதில்லை.