டேப்பின் மறுமுனையில் என் வீட்டுக்காரர்

சொந்தத் தொழில் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்பது, "கடை எங்க?" என்பதுதான். எனக்குக் கடை இல்லை. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு போட்டோகொப்பிக் கடையின் பின்பகுதியில், ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் இருக்கின்றன. அதுதான் என் அலுவலகம். வீடு, காணிகளின் பெறுமதியை மதிப்பிட்டு அறிக்கை எழுதுவது என் தொழில். யாராவது வீட்டை ஈடு வைத்துக் கடன் கேட்டால், அந்த வீடு அந்தக் கடனைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல வங்கி என்னை அனுப்பும். சனங்கள் 'வெலுவர்' என்பார்கள்.

முன்பு கொழும்பில் ஒரு நிறுவனத்தில் இதே வேலையை மாதச் சம்பளத்துக்குப் பார்த்தேன். அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்து தனியாகத் தொடங்கியதை அம்மா இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. உறவுக்காரர்கள் விசாரித்தால், "வேலய விட்டுட்டா. இப்ப வீடு வீடா போயிட்டு வாறா" என்பார். கேட்பவர்கள் நான் சீட்டுப் பிடிக்கிறேனா, சோப்பு விற்கிறேனா என்று தெரியாமல் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அம்மாவை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. வேலை வந்தால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்காது. வட்டி ஏறிவிட்டால் யாரும் கடன் கேட்க மாட்டார்கள். அப்போது வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைதான். நாடே எரிபொருள் வரிசையில் நின்ற அந்த வருடம், போட்டோகொப்பிக் கடை முதலாளிக்கு டியூஷன் தாள்களை அடுக்கிப் பின் அடித்துக் கொடுத்தே பொழுதைப் போக்கினேன். நல்ல மனிதர். வேலையில் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று ஒருமுறை கேட்கவும் செய்தார்.

இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் இருக்கிறது. வீட்டை அளக்கும் டேப்புக்கு இரண்டு முனை. லேசர் கருவி ஒன்று வாங்கினேன். வெயிலில் அதன் சிவப்புப் புள்ளி எங்கே விழுகிறது என்று தேடவே தனியாக ஓர் ஆள் வேண்டியிருந்தது. உதவிக்கு ஆள் வைக்க எனக்கு வசதியில்லை. ஆகவே மறுமுனையைப் பிடிக்க என் வீட்டுக்காரர் வரத் தொடங்கினார்.

அவர் தெமோதரைப் பக்கம் ஒரு பாடசாலையில் தமிழ் ஆசிரியர். சனிக்கிழமைகளில் ஓய்வு. நல்ல உயரம், காதோரம் நரை, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனா. நானோ குட்டை. தலையில் பழைய தொப்பி, காலில் சேறு படிந்த சப்பாத்து, தோளில் இரண்டு பை. நாங்கள் இருவரும் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால் யார் மதிப்பீட்டாளர் என்று யாரும் யோசிப்பதேயில்லை. நேராக அவரைக் கும்பிடுவார்கள். அவரும் கும்பிடுவார். அந்தக் கும்பிடு அவருக்குப் பிடித்துப் போனதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

பசறையிலிருந்து நமுனுகுலப் பக்கம் ஏறும் பாதையில் ஒரு வீடு. வீட்டு உரிமையாளர் முன்பு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். பிறகு சிறிது காணி வாங்கி, மலைச்சரிவில் வீடு கட்டி, பசறை டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையும் நடத்திக்கொண்டிருந்தார். கடையைப் பெரிதாக்க வங்கியில் கடன் கேட்டிருந்தார். நாங்கள் பஸ்ஸைவிட்டு இறங்கியபோதே பாதையில் காத்து நின்றார்.

"வாங்க சேர், வாங்க! காலையில இருந்து ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று என் வீட்டுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "பைய அங்கிட்டு வச்சிட்டு ஒக்காருங்க தங்கச்சி" என்றார்.

"நான்தாங்க வெலுவர்" என்றேன்.

"ஆமாங்க, ஆமாங்க" என்று சிரித்தார். நான் ஏதோ பகிடி சொல்லிவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். திருத்த வேண்டிய என் வீட்டுக்காரர், "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் செய்யிறோம்" என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். டேப்பைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

நான் சுவர்களை அளந்து எழுதிக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தேயிலை. மூடுபனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரருக்கு இது போதும்.

"அடடா, இந்தக் காட்சிக்கே தனியா ஒரு விலை போடலாமே!"

"அப்ப எவ்வளவு போகும் சேர்?"

"பதுளை டவுன்ல இருக்கிற வீடுகளுக்கு இது எந்த விதத்துல கொறைச்சல்? சொல்லுங்க பாப்பம்!"

கடைக்காரரின் முகம் மலர்ந்தது எனக்கு உள்ளேயிருந்தே தெரிந்தது. டேப்பை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். மறுமுனை அசையவில்லை. அதைத் தூணில் மாட்டிவிட்டுத்தான் அவர் இயற்கையை ரசித்துக்கொண்டிருந்தார்.

பின்னறைக்குப் போனேன். அங்கே ஒரு பெரிய அலுமாரி ஜன்னலில் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. ஜன்னலை மறைத்து அலுமாரி வைக்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. கடைக்காரரின் மனைவி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அக்கா அலுமாரிய இங்க வச்சிருக்கீங்க?"

அவர் முற்றத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "நேத்துத்தான் நவுத்தினோம். அவருதான் நவுத்தச் சொன்னாரு."

இருவருமாகச் சேர்ந்து அதைத் தள்ளினோம். ஜன்னலின் மூலையிலிருந்து தரைவரைக்கும் சுவர் சாய்வாக வெடித்திருந்தது. விரலை உள்ளே விடலாம். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வீட்டுக்காக மலையை நேர்க்குத்தாக வெட்டியிருந்தார்கள். மேலே தேயிலைக்குள் மழைநீர் வடிய வெட்டிய கான் மண்ணும் சருகுமாக அடைத்துப்போய், மழைத்தண்ணீர் எல்லாம் வீட்டின் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த அக்கா என் பின்னாலேயே வந்து நின்றார். "மழை பெஞ்சா எனக்குத் தூக்கமே வராது தங்கச்சி. சொன்னாக் கேக்க மாட்டேங்கிறாரு. கடை, கடைன்னு நிக்கிறாரு."

சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிடித்து உட்கார வைத்தார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு. என் வீட்டுக்காரரின் தட்டில் காலும் தொடையும் விழுந்தன. என் தட்டில் கழுத்து. அவர் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டிருந்தபோது நான் விஷயத்தைச் சொன்னேன்.

"பின்னறைச் சுவரு வெடிச்சிருக்குங்க. அத நான் அறிக்கையில எழுதணும். மண்சரிவு பாக்கிற ஆபீஸ்ல இருந்தும் ஒரு கடிதம் எடுக்கச் சொல்லுவாங்க."

கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. "என்னங்க சேர், இவங்க இப்பிடிச் சொல்றாங்க?"

என் வீட்டுக்காரர் கையில் கோழிக்காலுடன் என்னைப் பார்த்தார். பிறகு கோழிக்காலைப் பார்த்தார். "அவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். விடை தெரியாத மாணவனின் குரல் அப்படித்தான் இருக்கும்.

திரும்பும் பஸ்ஸில் பசறை வந்ததும் கேட்டேன்.

"நீங்க எதுக்கு வெலை சொன்னீங்க?"

"நான் எங்க வெலை சொன்னேன்? வர்ணிச்சேன்."

அறிக்கை போனது. முதலில் மண்சரிவு ஆய்வுக் கடிதத்தைக் கொண்டுவாருங்கள், பிறகு பார்க்கலாம் என்று வங்கி சொல்லிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து, நான் மேசையில் தனியாக இருந்தபோது அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரர் விறுவிறுவென்று உள்ளே வந்தார்.

"சேர் இல்லீங்களா?"

"சேர் ஸ்கூல்ல இருக்காருங்க. படிப்பிச்சுக்கிட்டு இருப்பாரு."

"ஸ்கூல்லயா? அப்ப வெலுவர் யாரு?"

"நான்தாங்க. அன்னைக்கே சொன்னேனே."

அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த என் சான்றிதழைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபம் வந்ததா, வெட்கம் வந்ததா தெரியவில்லை.

"அப்ப அந்த மனுசனுக்கா நான் நாட்டுக்கோழி அடிச்சேன்?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போட்டோகொப்பி இயந்திரத்துக்குப் பின்னால் முதலாளியும் சிரித்துவிட்டார். வந்தவர் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, வேறு வழியில்லாமல் தானும் சிரித்தார். முதலாளி பிளேன்டீ வரவழைத்தார்.

பிறகு பழுதாய்ப்போன தாள் ஒன்றைத் திருப்பி, அவருடைய வீட்டையும் மலையையும் கானையும் வரைந்து காட்டினேன். தண்ணீர் எந்த வழியாக வருகிறது, அது எங்கே போக வேண்டும், பின்னால் கருங்கல்லில் சுவர் கட்டினால் எவ்வளவு தூரம் தாங்கும் என்று சொன்னேன். கவனமாகத்தான் கேட்டார். ஆனால் திரும்பத் திரும்பக் கடைக்கே வந்தார்.

"கடைய இந்த வருசமே எடுத்துக் கட்டலாம்னு இருந்தேன் மிஸ்."

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, சொல்லிவிட்டேன். "மழை பெஞ்சா அக்கா தூங்குறதே இல்லையாம்."

"என்கிட்டச் சொல்லலையே."

"சொன்னேன்னு சொன்னாங்க."

அவர் பிளேன்டீயைக் குடித்து முடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

அந்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. மலையில் அங்கங்கே மண் சரிந்ததாகச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பின்னறைதான் ஞாபகம் வரும். என் வீட்டுக்காரர் அதைப் பற்றிப் பேசவேயில்லை. ஆனால் ஒரு நாள் மழை விட்டிருந்தபோது, பாடசாலைக்கு விடுமுறை என்பதால், என்னிடம் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். பொழுது சாய்ந்த பிறகு வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை செம்மண் நிறத்தில் இருந்தது. காலில் அட்டை கடித்த இடங்களில் இரத்தம்.

"எங்க போனீங்க?"

"அந்த வீட்டுக்கு. நான் வெலுவர் இல்ல, அன்னைக்கு சும்மா வாய்க்கு வந்தத பேசிட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"மம்பட்டியக் குடுத்தாரு."

தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டு அனுமதி வாங்கி, பக்கத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு, அன்று அவர்கள் மேலே கானைச் சுத்தம் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். போன இடத்தில் இவரும் மாட்டிக்கொண்டார். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். அவர் சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டதைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. இந்த மனிதரைக் கட்டிக்கொண்டது நல்லதுதான் என்றும் தோன்றியது. முதலாவதை மட்டும் அவரிடம் சொன்னேன்.

மண்சரிவு அலுவலகத்தார் வந்து பார்த்து, தண்ணீரை வழி திருப்பி, பின்னால் சுவர் கட்டினால் வீட்டில் இருக்கலாம் என்று எழுதிக்கொடுத்தார்கள். அவர் கேட்ட தொகையை வங்கி தரவில்லை; சுவருக்குப் போதுமானதைத் தந்தது. கடை பழைய அளவிலேயே இருக்கிறது. மத்தியானத்தில் இடம் கிடைக்காதவர்கள் வாசலில் நின்று சாப்பிடுகிறார்கள்.

சுவர் எழும்பிய பிறகு மறுபடி பார்வையிடப் போனேன். கருங்கல்லுக்கு நடுவே வைத்திருந்த குழாய்களிலிருந்து தண்ணீர் ஒழுங்காக வடிந்துகொண்டிருந்தது. வெடிப்பைப் பூசி அடைத்து, அலுமாரியை எதிர்ச் சுவருக்கு மாற்றியிருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத் தூங்குறேன் தங்கச்சி. அவரு கொறட்டைதான் எழுப்புது" என்றார்.

போன மாதம் ஒரு சொந்தக்காரர் தொலைபேசியில் கேட்டார், தன் மகளை இந்தப் படிப்புக்கு அனுப்பலாமா, எதிர்காலம் இருக்கிறதா என்று.

"படிக்கட்டும் மாமா. கடன் வாங்க ஆளிருக்கிற வரைக்கும் வேலை இருக்கும். ஆனா மாசா மாசம் சம்பளம் மாதிரி வராது. மழையில நடக்கணும், மலை ஏறணும். புள்ளைக்கு நாய்னாப் பயமா?"

"நாயக் கண்டா ஓடிருவா."

"ஓடத் தெரிஞ்சாப் போதும் மாமா. மத்ததெல்லாம் படிப்பிப்பாங்க."

என் வீட்டுக்காரர் இப்போதும் சனிக்கிழமைகளில் வருகிறார். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும், படலையைத் திறக்கும் முன்பே, வகுப்பில் பேசுகிற குரலில் அறிவித்துவிடுகிறார்: "வணக்கம்! இவங்கதான் மதிப்பீட்டாளர். நான் டேப் பிடிக்கிறவன் மட்டும்தான்."

போன சனிக்கிழமை பதுளையில் ஒரு வீட்டு அம்மா இதைக் கேட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எவ்வளவு பெரிய அதிகாரி, எவ்வளவு அடக்கம் பாருங்க" என்றார். "சேருக்குப் பால்டீயா, பிளேன்டீயா?"