சிகாகோவில் தொட வேண்டிய இடம்

பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூருக்கு நாள் தவறாமல் பஸ் ஏறும் ஆதிகேசவன், முப்பத்திரண்டு வருடமாக ஒரு ஷூ கம்பெனியில் தையல் பார்க்கிறவர். தைக்கிறவர் அல்ல; மற்றவர்கள் தைத்ததில் குற்றம் கண்டுபிடிக்கிறவர். தையல்மேல் கட்டைவிரலை ஒரு இழு இழுத்தால் போதும், எங்கே நூல் தளர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு அமெரிக்கப் பைத்தியம் பிடித்தது ஒரு காலண்டரால். ஷூ வாங்கும் அமெரிக்க பையர் அனுப்பியது, மாதத்துக்கு ஒரு ஊர். செயின்ட் லூயிஸில் வானத்துக்கு ஏறி இறங்கும் எஃகு வளைவு, சியாட்டிலில் கண்ணாடியைக் கோணலாக மடித்துக் கட்டிய நூலகம், சிகாகோவில் மொச்சைக்கொட்டை வடிவத்தில் ஒரு ராட்சத எஃகுச் சிற்பம். வருடம் முடிந்ததும் மற்றவர்கள் காலண்டரைக் கிழித்துப் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட்டார்கள். இவர் போனில் அந்த ஊர்த் தெருக்களைத் தேடிப்பிடித்து, சாப்பாட்டு வேளையில் விரலால் தள்ளித் தள்ளி நடந்தார். வேலூர் கோட்டையையே முழுசாகச் சுற்றிப் பார்க்காதவர் என்று மனைவி அமிர்தவள்ளி தலையில் அடித்துக்கொண்டாள்.

சிகாகோ சிற்பம்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. நூற்று அறுபத்தெட்டுத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்தது, ஆனால் ஒரு இணைப்புகூடக் கண்ணுக்குத் தெரியாதாம்.

"கண்ணுக்குத் தெரியாது, சரி. கைக்கு எப்டி தெரியாம போவும்?" என்பார்.

அதன் அடியில் புகுந்து கட்டைவிரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். வாழ்க்கையில் வேறு எதற்கும் அவர் இப்படி ஆசைப்பட்டதில்லை.

போன டிசம்பரில் அதற்கு ஒரு வழி பிறந்தது. சிகாகோ குடோனுக்குப் போன சரக்கில் தையல் பிரிகிறது என்று பையர் கத்தினான். போய்ப் பார்த்துவர மேனேஜர் ரஷீத் அஹமது இவரைத்தான் தேர்ந்தெடுத்தார். சென்னையில் விசா நேர்காணலுக்கு முன்னால் படித்துப் படித்துச் சொன்னார்.

"ஆதி, ஷூவப் பத்தி மட்டும் பேசு. வேற எதுக்கும் வாயத் தொறக்காத."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, வேலை எத்தனை நாள் என்று மொழிபெயர்ப்பவர் வழியாகக் கேட்டார். பத்து நாள் பயணத்தில் மூன்று நாள் என்றார் ஆதிகேசவன். மீதி நாளில் என்ன செய்வீர்கள்?

முப்பத்திரண்டு வருடம் எந்தக் குற்றத்தையும் மறைக்காமல் எழுதிப் பழகிய கை சட்டைப்பைக்குள் போனது. ஐந்து ஊர், பதினோரு கட்டடங்களும் சிற்பங்களும், எங்கிருந்து எங்கே எந்த பஸ் என்று எழுதிய தாளை எடுத்து நீட்டினார். ஷூவைப் பற்றிப் பேசியபோது வராத வெளிச்சம் அப்போது முகத்தில் வந்தது. பொய் சொல்லத் தெரியாதவரை யார் என்ன செய்ய முடியும்? வேலை வெறும் சாக்கு என்று அதிகாரிக்குத் தோன்றிவிட்டது போலும்; விசா இல்லை என்று ஒரு தாளோடு பாஸ்போர்ட் திரும்பி வந்தது.

"இன்னாய்யா பண்ணி வச்சிருக்க!" என்று மேனேஜர் நொந்துகொண்டார். "மறுபடி அப்ளை பண்ண டைமும் இல்ல."

ஏற்கெனவே விசா வைத்திருந்த சூப்பர்வைசர் சூரியபிரகாஷ் கிளம்பினான். அவனிடம் ஆதிகேசவன் வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

"ஒரே ஒரு வேல செய்யி தம்பி. அதுக்கு அடியில போயி கட்ட வெரல வச்சி இழுத்துப் பாரு. எங்கனா தட்டுதான்னு வந்து சொல்லு."

அந்தப் பத்து நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பி வந்த சூரியபிரகாஷ் கையில் சாக்லேட்டோடு நேராக அவரிடம்தான் வந்தான். நல்ல பையன்.

"தொட்டியா?"

"உங்களுக்காகவே போனேண்ணா. நீங்க சொன்ன மாதிரியே இழுத்தேன்."

"தட்டிச்சா?"

"ஒண்ணும் தெரியலண்ணா. செம குளுரு. கிளவுஸ கழட்டவே முடியல."

ஆதிகேசவனுக்கு அழுகை வந்தது. ஐம்பத்தேழு வயதில் தையல் மெஷின் வரிசைக்கு நடுவே நின்று அழ முடியுமா? சாக்லேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் முகம் வாடியதைப் பார்த்து சூரியபிரகாஷ் பதறினான். "அடுத்த தபா போனா கிளவுஸ கழட்டிட்டே பாக்கறேண்ணா."

"ஏப்ரலோட எனக்கு ரிட்டயர்மென்ட்டுபா" என்றார் ஆதிகேசவன். "நீ பாத்துட்டு வந்து இங்க யாருகிட்ட சொல்லுவ?"