சம்பந்திக்கு நாட்டுக்கோழி

எங்கள் கோழி ஷெட்டுக்குள் சாமியே வந்தாலும், வாசலில் இருக்கும் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் வர வேண்டும். வெளியிலிருந்து நோய் வந்துவிடக் கூடாதென்று குஞ்சு கொடுத்து, வளர்ந்ததும் பிடித்துப்போகும் கம்பெனி வைத்த விதி. அதில் நான் ரொம்பக் கறார். மகளுக்கு நிச்சயமான பிறகு முதன்முறையாக விருந்துக்கு வந்த சம்பந்தியம்மாவைக்கூட உள்ளே விடவில்லை. தன் மூத்த மகனின் பிள்ளையை, பேரனை, இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"என்ன சுத்தமுங்க! எங்க மெஸ்ஸு அடுப்படிகூட இப்படி இருக்காதுங்க" என்றார். மதுக்கரையில் அவர்கள் மெஸ் நடத்துகிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமையோடுதான் இலை போட்டேன். நாட்டுக்கோழிக் குழம்பு, வறுவல்; சந்தையில் தேடி வாங்கியது என்று சொல்லியே பரிமாறினேன். சம்பந்தியம்மா எலும்பு பார்த்துப் பார்த்துப் பேரனுக்கு ஊட்டினார். ஊட்டிக்கொண்டே, "ஏனுங்க, ஷெட்டு நெறையக் கோழிய வெச்சுக்கிட்டு எதுக்குங்க சந்தையில போயி வாங்குனீங்க?" என்றார்.

என் வாய் இருக்கிறதே, அதற்குப் பூட்டே கிடையாது. "அய்யோ, அதை நாங்க திங்கறதே இல்லீங்க! கோழிக்கு இருமல் வந்துருச்சுன்னு இன்னிக்குக் காலைலகூட அதுக குடிக்கற தண்ணித் தொட்டியில ஆன்டிபயாட்டிக் ஊத்தியிருக்கறமுங்க. அதைப் போயி உங்களுக்கு ஆக்கிப் போடுவனுங்களா?"

மரியாதை செய்வதாகத்தான் நினைத்தேன். சம்பந்தியம்மாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"எப்பங்க புடிக்கறாங்க?"

"நாளைக்குக் காலைலங்க" என்றார் என் வீட்டுக்காரர், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

"எங்க மெஸ்ஸுக்கு உங்க கம்பெனிக் கோழிதானுங்க வருது" என்றார் சம்பந்தியம்மா. "இவனுக்குத் தெனமும் அதைத்தானுங்க ஊட்டறேன்."

குரலில் துளிக் கோபம் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குப் பிறகு அவர் நன்றாகத்தான் பேசினார், வெற்றிலை போட்டார், போகும்போது "போயிட்டு வாரேனுங்க" என்று கும்பிட்டார். நான்தான் முகத்தைப் பார்க்க முடியாமல் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் விடிந்ததும் லாரி வந்தது. மருந்தை நிறுத்திப் பல நாள் வெறும் தண்ணீர் கொடுத்த பிறகுதான் கோழியைப் பிடிக்க வேண்டும் என்பதும் கம்பெனி விதிதான். மருந்து ஊற்றியதைச் சொன்னால் லாரி காலியாகத் திரும்பும். அது மறுபடி வரும்வரை இருமுகிற கோழிகளில் எத்தனை தங்குமோ தெரியாது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்து வந்தேன், சத்தியமாக.

கம்பெனி சூப்பர்வைசர் வாசல் மருந்துத் தண்ணீரில் காலை நன்றாக நனைத்துவிட்டு வந்து கேட்டார். "மருந்து நிறுத்தி நாளாச்சுங்களா, அக்கா?"

"ஆச்சுங்க" என்றேன். முந்தின நாள் கேட்காமலே கொட்டிய அதே வாய்தான்.

கூடைகளை ஏற்றி லாரி கிளம்பியது. மகள் பக்கத்தில் வந்து நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

"ஏம்மா, கல்யாணமாகிப் போனா நானும் அந்த மெஸ்ஸுச் சோத்தைத்தான திங்கோணும்?"

நான் மருந்து ஊற்றிய தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போனேன்.