மணல் குடித்த தண்ணீர்

டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எனக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்த சேகர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறான். நேற்று பகல் முழுக்க இருவரும் ராஜஸ்தான் மணல்மேடுகளில் நடந்தோம்.

பாதி வழியில் என் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அவன் பாட்டிலைக் கேட்டேன்.

“தூக்கிக் குடிடா. வாய் வெச்சுடாத, அச்சா?”

பள்ளிக்கூடத்தில் என் பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தவன்தான்.

தூக்கிக் குடித்தேன். அடித்த காற்றில் பாதித் தண்ணீர் மணலுக்குப் போயிற்று.

“பாத்துடா, வேஸ்ட் பண்றியே!”

டெல்லி திரும்பிக் கம்ப்யூட்டரைத் திறந்தால், என் தோளில் கை போட்ட படத்தை இணையத்தில் போட்டிருக்கிறான். கீழே, ‘ஒரே பாட்டிலில் குடித்து வளர்ந்தவர்கள்.’

பலர் நெகிழ்ந்திருக்கிறார்கள். நீங்களும் போய் நாலு வார்த்தை வாழ்த்திவிட்டு வாருங்கள். எனக்குத் தொண்டை வறண்டு கிடக்கிறது.